நாற்பத்தொன்றாவது படம்

நம்ம வயசுக்காரங்க நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்தில் குடும்பம்னா குடும்பமா இருந்துச்சுன்னு ஆரம்பித்துவிடுகிறோம். கோயில் பிரகாரத்திலும் இதே பேச்சு, ரேஷன் கடை வரிசையிலும் இதே பேச்சு. நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

போன வாரம் என் மகன் போனை விரலால் தள்ளிக்கொண்டே என்னிடம் வந்தான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். சிநேகிதர்களோடு தீம் பார்க் போகிறானாம். ஒரு நாள் வாடகைக்கு ஒரு கேமரா எடுக்க வேண்டுமாம். "அம்மா, இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று ரெண்டைக் காட்டினான். ஒன்று தீப்பெட்டி அளவு. இன்னொன்று பெரிசு, முன்னால் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெரிசைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். எழுதிப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றாமல் இருந்ததில்லை, கிருத்திகைக்கு விரதம் விட்டதில்லை, அவ்வளவுதான் நான். ஆனால் அன்று விளக்கு ஏற்றப் போனபோது கை கூசியது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயசு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரே வீட்டில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். பூர்வீகம் தெற்கே. பெரியப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிற பெண்களிடம் "அம்மா, தாயே, உட்காருங்க" என்று குழைவார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எல்லாரும் அடங்கிவிட வேண்டும். அப்பா அவருக்கு எதிரே உட்காரக்கூட மாட்டார்.

அவர்களுக்கு ஒரே தங்கை, என் அத்தை. இருபத்தேழு வயசு. புருஷன் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போகிறவர். அவர் போனதும் மாமியார் வீட்டில் "பிள்ளை எங்க வம்சம், நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள். மூணு வயசுப் பெண் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். எங்கள் பெரியவர்கள் யாரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் குழந்தையும் சேர்ந்து வந்துவிடுமே, அந்தப் பயம்.

காலையில் பெரியப்பா வேலைக்குக் கிளம்பும்போது அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர் தெருமுனை திரும்புகிற வரை வெளியே வர மாட்டாள். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அந்த வீட்டில் இல்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். நான் அதைப் பிடித்து இழுத்து விளையாடுவேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன், சீ.

அந்த மே மாசம் அத்தைக்கு ஒரு கார்டு வந்தது. மாமியார் வீட்டிலிருந்து அவள் ஓரகத்தி எழுதியது. அத்தை அதைப் பத்து தடவை படித்துவிட்டு எனக்கும் படிக்கக் கொடுத்தாள். "பிள்ளை, அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்குது. ஒரு போட்டோ இருந்தா என் பேருக்கு அனுப்பு. பெரியவங்களுக்குத் தெரியாம காட்டுறேன்." கல்யாண ஆல்பம் அங்கேதான் இருந்தது. ஆனால் மாமியார் அதைத் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாராம். பொட்டும் பூவுமாக இருக்கிற முகத்தைக் குழந்தை பார்த்தால் ஏங்கிவிடுமாம். ஊருக்கே படம் எடுத்தவருடைய பெண்டாட்டிக்குத் தன் கையில் தன் படம் ஒன்றுகூட இல்லை.

அத்தை பெரியம்மாவிடம் கேட்டாள், பெரியம்மா பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஸ்டூடியோவுக்குப் போயி இவ தனியா போட்டோ எடுத்துக்கணுமா? யாருக்காம்? நாளைக்கு நாலு பேரு கேப்பான், உன் தங்கச்சி போட்டோ யாருக்குப் போகுதுன்னு. நான் கடையில தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

குழந்தைக்கு என்று பெரியம்மா சொல்லவில்லை. பெரியப்பாவுக்கே தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் பெரியப்பாவுக்குக் கடையில் தீம் பார்க் டிக்கெட் கொடுத்தார்கள், குடும்பத்துக்கு. அப்போது அது புதுசு. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி ரோட்டோரத்தில் பெரிய ராட்டினம் தெரியும். பெரியப்பா ஒரு கேமரா வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னார். அப்பா அன்றைக்கு ஒரு நாள்தான் துணிந்து பேசினார். "அண்ணே, அங்கேயே இவளையும் ஒண்ணு எடுத்துரலாம். குடும்பத்தோட எடுத்தா யாரு என்ன கேக்கப் போறா?" பெரியப்பா "பார்க்கலாம்" என்றார். அத்தைக்கு அது போதும். மறுநாளே டிரங்குப் பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

கேமரா எடுக்கப் போனது வெள்ளிக்கிழமை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் சின்னக் கடை. பெரியப்பா, அத்தை, நான், மூணு பேரும் போனோம். கேமரா பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆள் என்று அத்தையைக் கூப்பிட்டிருந்தார். கடைக்குள் ஒரே பிலிம் டப்பா வாசனை, கூடவே அத்தர். கடைக்காரர் பாய் வாய் நிறையச் சிரிப்பு வைத்திருந்தார்.

"இன்னா சார் வேணும்? கல்யாணமா, டூரா?"

"தீம் பார்க்கு."

"அப்போ இது எடுத்துக்க சார்." சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. "பிலிமைப் போட்டு மூடினா தானே இஸ்துக்கும். அமுக்கினா படம். கொயந்தகூட எடுக்கும்."

அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுவே போதும் பெரியண்ணே. அவுங்க ஸ்டூடியோவுலயும் இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு. தப்பு வராது."

பெரியப்பா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்மை மாதிரி இருக்கு. டிக்கெட் வாங்கின மத்த ஸ்டாஃபும் அங்க வருவான். இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னா சிரிப்பான்." மேல் தட்டைக் காட்டினார். "அதை எடுங்க பாய்."

அதுதான் அந்தப் பெரிசு. தோல் உறை, அகலமான பட்டை, முன்னால் நீண்ட லென்ஸ். ஒரு படம் எடுத்ததும் வலது பக்க லீவரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே பிலிம் நகரும்.

"சார், அது கொஞ்சம் வேலை கேக்கும். நானே பிலிம் மாட்டிக் குட்த்துடறேன்" என்றார் பாய்.

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொண்ணு. "இப்ப ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது."

"பன்னெண்டுக்கு நான் ஜும்மாவுக்குப் போய்டுவேன் சார். கடை மூடிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை இது."

"வேணாம் பாய். வீட்டுல பிள்ளையார் பாதத்துல வெச்சு நானே மாட்டிக்கிறேன்."

பாய் அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கேமராவைக் கொடுத்தார். நாங்கள் படியை விட்டு இறங்கிய பிறகும் "நுனியை நல்லா சொருவு சார்" என்று கத்தினார்.

வீட்டில் பிலிம் டப்பாவுக்கு, வெளியே நீட்டிய நுனிக்குக்கூட, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். ராகு காலம் போனதும் பெரியப்பா கேமரா முதுகைத் திறந்து பிலிமை வைத்தார். அத்தை அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியண்ணே, அந்தப் பல்லுல மாட்டிட்டு ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு மூடணும்."

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல உன் குரல் எதுக்கு?" பட்டென்று மூடினார்.

சனிக்கிழமை போனோம். நம்மவர்கள் இப்போது தீம் பார்க் என்றால் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். எனக்கு நினைவில் இருப்பது நாற்றம். தண்ணீர் விளையாட்டுக்கு வாடகை உடுப்பு கொடுத்தார்கள். முந்தின ஆள் கழற்றிப் போட்ட ஈரம் காயாத நைலான். வேர்வையும் குளோரினும் சேர்ந்து, அதைத் தலைவழியே போட்டபோதே குமட்டியது. குளத்தில் எச்சில் மிதந்தது. அதில் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நனைந்து நிற்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் விபூதி கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. பெரியம்மா அவரைப் பார்க்காத மாதிரி புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

படங்களை எண்ணுவது என் வேலை. "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏழாவது படத்துக்கு ஒரு யானைப் பொம்மைக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா, பெரியம்மா நின்றார்கள். மூணு பேர் சேர்ந்து படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டே. பெரியப்பா கேமராவை இறக்கினார். "மூணு பேரா நிக்கிறீங்க. இன்னொருத்தர் வாங்க."

அத்தை கூந்தலை ஒதுக்கிக்கொண்டு ரெண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"நீ இல்லை" என்றார் பெரியப்பா. அந்தப் பக்கமாகப் பஞ்சுமிட்டாய்க் குச்சியோடு ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தான். "தம்பி, ஒரு நிமிஷம் இப்படி வந்து நில்லுப்பா."

அவன் சிரித்துக்கொண்டே வந்து எங்கள் அம்மா பக்கத்தில் நின்றான். பஞ்சுமிட்டாயைக் கீழே வைக்கலாமா என்று கேட்டான். பேர் தெரியாத ஆள் குடும்பப் படத்தில் நிற்கலாம், கூடப் பிறந்தவள் நிற்கக் கூடாது. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன். எண்ணுகிற வேலையில் நான் நிமிரக்கூட இல்லை. "ஏழு" என்று கத்தினேன்.

பதினைந்தாவது படத்துக்குப் பெரியப்பா லீவரை இழுத்தபோது அத்தை என் தோளைத் தொட்டாள். கேமராவின் இடது பக்கத்தில் மேலே ஒரு சின்னக் குமிழ் இருக்கும். "பாரு, லீவரை இழுக்கும்போது அதுவும் சுத்தணும். சுத்துதா?" நான் உற்றுப் பார்த்தேன். குமிழ் அப்படியே நின்றது. அடுத்த படத்துக்கும் பார்த்தேன். சுத்தவில்லை.

"உங்க மாமா அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. பிலிம் மாட்டலைடி. ஒண்ணுமே விழலை." அவள் பெரியப்பாவிடம் போனாள். "பெரியண்ணே, கோவிச்சுக்காதீங்க. குமிழ் சுத்தலை. இருட்டான இடத்துல திறந்து..."

"வாயைக் கழுவு! பிள்ளையார் பாதத்துல வெச்ச பிலிமு. விழலை கிழலைன்னு அவச்சொல் சொல்றதுக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் முப்பத்தாறு வந்தது. முப்பத்தாறு படம் பிடிக்கிற ரோல் அது. கேமராவின் எண் முள் அங்கேயே நின்றுவிட்டது, ஆனால் லீவர் இழுக்க இழுக்க வந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பார்த்தியாடா? பிள்ளையார் அள்ளிக் குடுக்கிறார்!" நாற்பது வந்தபோது பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெயில் சாய்ந்து எல்லாரும் வாசலுக்கு நடக்கும்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "அண்ணே, அவளை ஒண்ணு..."

பெரியப்பா நல்ல மனநிலையில் இருந்தார். "சரி, சும்மா வர்ற படம்தானே. நில்லு."

அத்தை நின்றாள். காலையிலிருந்து குளத்துப் பக்கமே போகாமல், மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சேலை. பின்னால் செயற்கை அருவி. உள்ளே ஒன்றுமே விழாது என்று அந்த இடத்தில் ரெண்டு பேருக்குத் தெரியும், அவளுக்கும் எனக்கும். தெரிந்தும் நின்றாள். கண்ணை அகல விரித்து, பல் தெரியாமல், அஞ்சு வயசுக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி கேமராவைப் பார்த்தாள். ஒருவேளை தனக்குத்தான் தப்பாகத் தெரிந்ததோ என்று நினைத்தாளோ என்னவோ.

"நாற்பத்தொண்ணு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அதே மூணு பேர். படம் கழுவி வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்க வேண்டும் என்று அத்தையும் வந்தாள். நாற்பத்தொண்ணு எடுத்த கதையைப் பெரியப்பா பெருமையாகச் சொல்லச் சொல்ல பாயின் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. கேமராவைக் காதோரம் வைத்து லீவரை இழுத்தார். முதுகைத் திறந்தார்.

பிலிம் சுருளுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நாக்கு மாதிரி நுனி மட்டும் வெளியே. அதில் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒரு படம்கூட விழல சார். மாட்டவே இல்ல. புதுசு மாதிரியே கீது." பாய் எங்களைப் பார்த்தார். "குமிழ் சுத்தலன்னு யாருமே பார்க்கலியா?"

பெரியப்பா முகம் கறுத்தது. "எங்க பாய் உருப்படும்? நேத்து காலையிலேருந்து விழலை விழலைன்னு ஒருத்தி பின்னாடியே வந்தா. கடைசியில அவளையே நிக்க வெச்சு எடுத்தேன். அவ நிழல் பட்டா என்ன விளங்கும்?"

பாய் அதைக் காதில் வாங்காத மாதிரி என் பக்கம் குனிந்தார். "நீ எண்ணிக்கினு இருந்தியாமே பாப்பா. நீ பார்த்தியா, சுத்துச்சா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். சுத்தலை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதானே. நான் தரையைப் பார்த்தேன்.

"சுத்துச்சு" என்றேன்.

பாய் ரேஷன் கார்டை எடுத்து வைத்தார். அப்புறம் அந்தச் சுருளைக் கையில் எடுத்தார். "ரோல் வீணாவல சார். நான் மாட்டித் தர்றேன். தங்கச்சியை இங்கியே ஒண்ணு எடுத்துடலாம். நானே கழுவிக் குட்த்துடறேன், காசு வேணாம்."

அத்தை ஒரு அடி எடுத்தே வைத்துவிட்டாள்.

"ரோலைக் குடுங்க பாய்" என்று பெரியப்பா பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மாசம் அவர் ஸ்கூட்டர் வாங்கினார். அந்த ரோலின் முதல் படம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்ட ஸ்கூட்டர். வருஷக்கணக்காக எங்கள் பூஜை அறைச் சுவரில் தொங்கியது. அதற்கும் சேர்த்துத்தான் தினமும் கற்பூரம் காட்டினோம்.

படம் விழவில்லை என்று அத்தை ஓரகத்திக்கு ஒரு கார்டு எழுதினாள். அதற்குள் அங்கே மாமியாருக்கு விஷயம் தெரிந்துபோய், இனிமேல் எதுவும் அனுப்பாதே என்று ஓரகத்தியிடமிருந்து பதில் வந்தது. மூணு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அத்தை தன் பெண்ணைப் பார்த்தாள். எட்டு வயசுக் குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டதாம். அத்தை "கல்யாணத்துக்கு வந்தவ" என்று சொன்னாளாம். ஊரிலிருந்து வந்து இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பெரியப்பா போய்ச் சேர்ந்தாகிவிட்டது. செத்தவரைப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுகிறேன். அவருக்காவது தன் மானம், மரியாதை என்று ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு என்ன இருந்தது? சாமி முன்னால் நின்று கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் குமிழ்தான் தெரிகிறது.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அறுபதைத் தாண்டிவிட்டாள். அவள் பெண் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும். அம்மா என்று கூப்பிட அதற்கு வாய் வரவில்லை, அது தப்பும் இல்லை.

நேற்று மகன் அந்தச் சின்னக் கேமராவையே வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். அத்தை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "காட்டு பார்ப்போம்" என்று வாங்கி, இடது பக்கத்தில் கட்டைவிரலால் தடவினாள்.

"இதுல குமிழ் எங்கடா?"

"என்ன குமிழ் பாட்டி?"

"சுத்துதான்னு பார்க்கிற குமிழ்."

"இதுல பிலிமே கிடையாது. சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லை."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, அன்னைக்கு அது சுத்தலை. நான் பார்த்தேன்."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டி. உனக்குக் காட்டினதே நான்தானே." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "பெரியண்ணன் சொன்னதை அன்னைக்கே விட்டுட்டேன். நீ சொன்னதுதான் போகலை."

ஒன்றும் தெரியாத என் மகன் கேமராவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "பாட்டி, இங்க பாருங்க. ஒண்ணு எடுக்கிறேன்."

"யாருக்குடா?"

"யாருக்கும் இல்லை. சும்மாதான்."

அத்தை கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சும்மா எடுக்கிற படத்துக்கு ஒரு தடவை நின்னாச்சு. போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.